நான்கு மெழுகுதிரிகள்

பொழுது போகவில்லையே என்று முதியோர் வருந்துவதும், பொழுது போதவில்லையே என்று இளையோர் வருந்துவதும் எல்லா இல்லங்களிலும் நாம் காணும் காட்சிகள். மேச்சேரியிலுள்ள எங்கள் இல்லத்திலோ 2024 ஆம் ஆண்டு இது தலைகீழாக மாறிற்று. கல்லூரியில் பயிலும் பேரன் நூலும் கையுமாக இருந்தான். 68 வயதுத் தாத்தாவாகிய நான் கணினியின் முன் அமர்ந்து ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் நகைக்கலாம். நானும் நகைத்துக்கொண்டுதான் அதைத் தொடங்கினேன். ஆண்டின் இறுதியில் கணக்குப் பார்த்தபோது எனக்கு நகைப்பு வரவில்லை. அந்தக் கணக்கையே இங்கு எழுதுகிறேன்.

நான் 35 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன். கணினி ஆட்டங்களால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் முழங்கியவன். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, சில மாதம் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வந்த பேரன் என் நிலையைக் கண்டு இரங்கி, தன் பழைய கணினியை என்னிடம் விட்டுச் சென்றான். போகுமுன் ஓர் ஆட்டத்தையும் அதில் ஏற்றி, ஆடும் முறையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். ஆசிரியர் மாணவரானார், மாணவர் ஆசிரியரானார்.

வேடமேற்று ஆடும் ஆட்டம் என்று இவ்வகையைச் சொல்லலாம். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வாழ்வை வாழ்ந்து, அதை வளர்த்துச் செல்ல வேண்டும். 1974 இல் அமெரிக்காவில் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வெளிவந்தது. அதன் வழியே கணினியிலும் இவ்வகை வளர்ந்தது. 1986 இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

நமக்கோ இது முற்றிலும் புதியதன்று. சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களில் பிறந்தவர்களுக்குத் தெருக்கூத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிதாரம் பூசி, கட்டை கட்டி, கிரீடம் வைத்தவுடன் பகலில் ஏர் பிடித்தவர் இரவில் அருச்சுனன் ஆகிவிடுவார். நம் பங்குகளிலும் பாஸ்கா நாடகத்தில் பேதுருவாகவும் பிலாத்துவாகவும் நின்றவர்கள் பலர். ஆனால் கூத்துக்கு ஒரு விடியல் உண்டு. கிழக்கு வெளுத்ததும் வேடம் கலையும். ஆடியவரும் பார்த்தவரும் காட்டு வேலைக்குப் புறப்படுவார்கள். கணினி ஆட்டத்துக்கு அந்த விடியல் இல்லை. எழுந்து வேடத்தைக் கலைக்க வேண்டியவர் நாமேதான்.

நிற்க. பேரன் எனக்குத் தந்தது போர் ஆட்டம் அன்று, உழவர் ஆட்டம். 'ஸ்டார்டியூ வேலி' என்பது அதன் பெயர். எரிக் பாரோன் என்னும் அமெரிக்க இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக உழைத்து, படம், இசை, கதை அனைத்தையும் தாமே அமைத்து, 2016 இல் அதை வெளியிட்டார். மரணப் படுக்கையில் இருக்கும் தாத்தா, தம் பேரப்பிள்ளையிடம் ஒரு கடிதம் தருகிறார். பல ஆண்டுகளுக்குப்பின் நகர வாழ்வில் சலித்துப்போன பேரப்பிள்ளை அதைப் பிரித்துப் பார்க்கும்போது, சிற்றூர் ஒன்றிலுள்ள தாத்தாவின் பண்ணை தனக்கு உரிமையானதை அறிகிறது. அங்கிருந்து ஆட்டம் தொடங்குகிறது. தாத்தாவாகிய நான் பேரனின் வேடத்தை ஏற்றேன்!

அவ்வூரில் ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பருவத்துக்கு 28 நாள்கள். காலை 6 மணிக்கு எழவேண்டும். நள்ளிரவு கடந்து 2 மணிக்குள் படுக்கைக்குச் செல்லாவிட்டால் மயங்கி விழநேரிடும். அங்கே 10 நிமிடம் என்பது நமக்கு 7 விநாடி. ஆகவே அங்கு முழுப் பகலும் இரவும் கழிவது நம் 14 நிமிடங்களில். அவ்வூரில் ஓராண்டு கழிய நம் கணக்கில் ஏறத்தாழ 26 மணி நேரம் போதும். பருவம் மாறும் நாளில், சென்ற பருவத்துப் பயிர் அறுவடையாகாமல் நின்றால் அது பட்டுப்போகும். 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று அங்கு இருக்க முடியாது. மானாவாரிக் காட்டில் மழையை நோக்கி நிலக்கடலை விதைத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இது மனத்துக்கு உகந்த பாடமாக இருந்தது. ஆட்டத்தில் செம்மறிகளையும் வளர்த்துக் கம்பளி எடுத்தேன். நம் மேச்சேரி ஆட்டுக்கோ கம்பளி கிடையாது; அது இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இனம். அதற்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. 'கம்பளி ஆடு வாங்கியிருக்கிறேன்' என்று அண்ணனிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

பயிரை விட என்னைக் கவர்ந்தது அவ்வூர் மக்களோடு கொள்ளும் உறவு. ஒவ்வொருவரையும் நாள்தோறும் கண்டு பேச வேண்டும். பேசாவிட்டால் நட்பு சிறிது சிறிதாகத் தேயும். வாரத்துக்கு இருமுறை பரிசு கொடுக்கலாம். பிறந்தநாளில் கொடுத்த பரிசுக்கு மற்ற நாள் பரிசைப்போல் எட்டு மடங்கு மதிப்பு. கடைவாசலில் தொங்கும் நாள்காட்டியில் எல்லாருடைய பிறந்தநாளும் குறிக்கப்பட்டிருக்கும். நான் ஒரு குறிப்பேடு வைத்து, யாருக்கு எந்நாள், யாருக்கு எப்பொருள் பிடிக்கும் என்று அழகிய கையெழுத்தில் எழுதிவைத்தேன். ஒருவருடைய நாளையும் நான் தவறவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருந்தது. மூன்றாம் ஆண்டின் முதல் நாள் விடியலில் மறைந்த தாத்தா ஆவியாக வந்து, பேரப்பிள்ளை அந்த இரண்டாண்டைச் செலவிட்ட விதத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பார். அவருடைய நினைவிடத்தில் நான்கு மெழுகுதிரிகள் உண்டு. தகுதிக்கேற்ப ஒன்றோ, இரண்டோ, நான்குமோ எரியும். நான்கும் எரியவேண்டும் என்று உறுதி பூண்டேன். முதலில் அமைத்த பண்ணை பிழைகள் மலிந்திருந்ததால் அதை விடுத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் ஆண்டின் குளிர்காலம் வந்தபோது இங்கே நமக்கு மே மாதத்துக் கோடை.

அந்த மே மாதத்தில் அண்ணன் அழைத்தார்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் பண்ணவாடிப் பக்கம் ஆடு வளர்த்துக்கொண்டு வாழ்ந்தவர். 1925 இல் தொடங்கி 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது பல ஊர்கள் நீருக்குள் சென்றன. மக்கள் மேட்டுப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கிருந்த கோயிலின் நந்தியும், நம் ஆலயத்தின் கோபுரமும், நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் இன்றும் வெளியே தெரியும். எங்கள் தந்தையார் திருமுழுக்குப் பெற்ற ஆலயம் அது. நாங்கள் சிறுவராயிருந்தபோது அவர் எங்கள் இருவரையும் கரைக்கு அழைத்துச் சென்று அதைக் காட்டி, சிலுவை அடையாளம் வரையச் சொன்னார்.

"தம்பி, தண்ணி நல்லா எறங்கிப்போச்சு. கோபுரம் தெரியுது. கால் தேவலைன்னா ஒரு நாள் வா. ரெண்டு பேரும் கரையில நின்னு பாத்துட்டு வரலாம்" என்றார் அண்ணன்.

கால் அப்போது தேவலையாகத்தான் இருந்தது. சந்தைக்கும் ஞாயிறு பூசைக்கும் நடந்தே சென்றுகொண்டிருந்தேன். ஆனால் ஆட்டத்தில் தாத்தா வரும் நாள் நெருங்கியிருந்தது. "அடுத்த வாரம் வர்றேன் அண்ணா" என்றேன். அவ்வாரம் நான்கு மெழுகுதிரிகளும் எரிந்தன. பேரனை அழைத்துப் பெருமையோடு சொன்னேன். அடுத்த வாரம் வெயில் கடுமை என்றேன். அதற்கடுத்த வாரம் வேறு காரணம். அண்ணன் ஜூன் மாதத்தில் மீண்டும் ஒருமுறை அழைத்தார். அதன்பின் அழைக்கவில்லை.

பொதுவாக ஜூன் 12 அன்று பாசனத்துக்காக அணை திறக்கப்படும். அவ்வாண்டு நீர் இல்லாமையால் அந்நாளில் திறக்கவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 40 அடியாக இருந்தது. பிறகு கர்நாடகத்தில் பெருமழை பெய்தது. காவிரி பொங்கி வந்தது. ஜூலை 28 இல் அணை திறக்கப்பட்டது. ஜூலை 30 இல் முழு அளவான 120 அடியை எட்டியது. மாவட்டமே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். கோபுரம் மூழ்கிவிட்டது என்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை.

அக்டோபர் மாதத்தில் ஓர் அதிகாலை, அண்ணன் உறக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்குச் சென்றபோது அண்ணி, "ரெண்டு மாசமும் உங்களைத்தான் எதிர்பார்த்திருந்தாரு. ரோட்டுல பஸ் நின்னா எட்டிப் பார்ப்பாரு" என்றார். அவர் குறை சொல்லவில்லை. அண்ணனைப் பற்றி ஒன்றைச் சொன்னார், அவ்வளவே. அண்ணனுடைய பிறந்தநாளைக் கல்லறைச் சிலுவையில் எழுதுவதற்காக என்னிடம் கேட்டார்கள். ஆண்டு தெரிந்தது, மாதமும் நாளும் எனக்குத் தெரியவில்லை. கணினிக்குள் இருந்த சிற்றூரில் அத்தனை பேருடைய பிறந்தநாளும் மனப்பாடமாய் இருந்த எனக்கு, உடன்பிறந்தவருடைய பிறந்தநாள் தெரியவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அண்ணன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினேன். காற்று பலமாக இருந்ததால் இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மே மாதத்தில் எரிந்த நான்கு திரிகளும் என் நினைவுக்கு வந்தன.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புக்கு வந்த பேரன் கணினியைத் திறந்து, "தாத்தா, 380 மணி நேரம் ஆடியிருக்கீங்க!" என்று வியந்தான். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒரு மணி என்பது சிறிது. ஓராண்டில் அது 380. ஏறத்தாழ 16 பகலும் 16 இரவும். மேச்சேரியிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் பேருந்து மாறிச் சென்று திரும்ப நான்கு மணி நேரம் என்று வைத்தாலும், 95 முறை சென்று வந்திருக்கலாம். அண்ணன் கேட்டதோ ஒரே ஒருமுறை.

குற்றம் ஆட்டத்தினுடையதன்று, இதை நான் திண்ணமாகச் சொல்வேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் ஆட்ட மயக்கம் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு கண்டும் விடாமை ஆகியவை பெரும்பாலும் 12 மாதங்களாவது நீடிப்பதே அதன் அடையாளம். நான் அந்நோயாளி அல்லேன். உணவை மறக்கவில்லை, உறக்கம் கெடவில்லை, செபமாலையையும் பூசையையும் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் ஆடியதுமில்லை. ஆயினும் அன்புக்குரிய ஒரு நாள் என் கையிலிருந்து நழுவிற்று. மிகுதியாக ஆடியது என் பிழையன்று. வரிசையை மாற்றியதே என் பிழை. பின்னால் வரவேண்டியதை முன்னால் வைத்தேன். தொலைக்காட்சியாலும், செய்தித்தாளாலும், ஏன், பங்குப் பணியாலும்கூட இப்பிழை நேரலாம்.

2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் 15 வயதில், 2006 இல் இறந்த இளைஞர். கணினியில் வல்லவர், ஆட்டங்களையும் விரும்பியவர். வாரத்துக்கு ஒரு மணி நேரமே ஆடுவது என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். 68 வயதில் நான் செய்யத் தவறியதை அவர் சிறுவயதிலேயே செய்தார். ஆட்டத்தை அவர் வெறுக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தார்.

தாலந்து உவமையில் தலைவர் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். ஆட்டத்தில் தாத்தா வரும் நாளை நான் முன்கூட்டியே அறிந்திருந்தேன்; அதற்காக ஒவ்வொரு நாளையும் எண்ணி உழைத்தேன். உண்மையான கணக்கு நாள் எதுவென்று எனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே அது தொலைவில் இருப்பதாக எண்ணிக்கொண்டேன். அங்கே முதல் பண்ணையைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்க முடிந்தது. இங்கே மே மாதம் ஒருமுறைதான் வந்தது.

ஆயினும் அந்த ஓராண்டு முழுவதும் வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. நாள்தோறும் ஒரு சொல், அவ்வப்போது ஒரு சிறு பொருள், மறவாத ஒரு நாள் என்று நட்பு வளரும் விதத்தை அந்த ஆட்டம் எனக்குத் தெளிவாகக் காட்டியது. இத்தனை காலம் ஆசிரியனாயிருந்தும் நான் அதைச் சரியாகக் கற்றிருக்கவில்லை. ஆகவே 2025 புத்தாண்டு நாளில் பேரனோடு அமர்ந்து பழைய குறிப்பேட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து புதிய பட்டியல் எழுதினேன். அண்ணி, தங்கை, சம்பந்தி வீட்டார், தெருவில் தனியே வாழும் இரு முதியவர்கள், உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் என 31 பேர். பிறந்தநாள் தெரியாதவர்களிடம் கேட்டு எழுதினேன். அண்ணனுடைய நாளைத் திருமுழுக்குப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்துச் சிலுவையில் எழுதச் செய்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அண்ணியிடம் செல்கிறேன். ஆடுகளை அவர் விற்கவில்லை.

ஆட்டத்தையும் நான் விட்டுவிடவில்லை. விடுமுறைக்குப் பேரன் வரும்போது இருவரும் ஒன்றாக அமர்ந்து ஆடுகிறோம். இரவுச் செபத்துக்கு மணி ஆனதும் அவனே எழுந்து கணினியை மூடுகிறான்.

நீர் இன்னும் இறங்கவில்லை. என்றேனும் ஒரு கோடையில் கோபுரம் மீண்டும் தெரியும். அன்று அண்ணியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு அக்கரையில் நின்று சிலுவை அடையாளம் வரைய எனக்கு ஆசை. அதுவரை இறைவன் ஆயுள் தருவாரோ, அறியேன். இதை வாசிக்கும் அன்பர்களுள் யாருக்கேனும் 'அடுத்த வாரம் வருகிறேன்' என்று சொல்லி வைத்த வாக்கு ஒன்று நிலுவையில் இருக்குமாயின், இதழை மூடிவைத்துவிட்டு இன்றே புறப்படுங்கள்.