பெருமாநல்லூர் டூ சின்னப்பம்பட்டி!

திருப்பூரிலிருந்து கோபி ரோட்டில் வடக்கே பத்து கிலோமீட்டர் சொச்சம் போனால் பெருமாநல்லூர். சேலம் - கொச்சி நெடுஞ்சாலை ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. பக்திமான்களுக்கு இது கொண்டத்துக் காளியம்மன் குண்டம் இறங்குகிற ஊர். பெரியவர்களுக்கு, 1970 ஜூன் 19-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட ஊர். நம்ம வயசுக்காரர்களுக்கு? பனியன் கம்பெனி... அப்புறம் டென்னிஸ் பால் கிரிக்கெட்!

பக்கத்து ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. சுற்றுவட்டாரம் முழுக்க கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி வீடு திரும்புகிற பசங்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு பகல்தான் சொந்தம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை மேட்ச்! காலியாகக் கிடக்கிற காட்டில் மூணு குச்சி நட்டால் அதுதான் ஸ்டேடியம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு என்ட்ரி ஃபீஸ் கட்டி, கப் ஜெயித்தால் பைக்கில் ஊர்வலம்.

இந்தப் பசங்களிடம் ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். 'நடராஜன்'. முகத்தில் பல்பு எரியும்!

காரணம் இருக்கு. அதே நெடுஞ்சாலையில் சேலம் பக்கமாக வண்டியை விடுங்கள். பெருந்துறை, சித்தோடு, காவிரிப் பாலம், குமாரபாளையம் எல்லாம் தாண்டி சங்ககிரி. அங்கே இடதுபக்கம் எடப்பாடி ஏரியாவுக்குள் நுழைந்தால் சத்தமே மாறிவிடும். நம்மூரில் தையல் மெஷின் 'டர்ர்ர்...' என்றால், அங்கே விசைத்தறி 'டக்கு டக்கு'. அந்தத் தறிச்சத்தத்துக்கு நடுவில் இருக்கிறது சின்னப்பம்பட்டி.

நடராஜன் 1991-ல் பிறந்தவர். அப்பா தறியில் தினக்கூலி. அம்மா ரோட்டோரத்தில் சிக்கன் கடை. அஞ்சு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். இருபது வயசு வரைக்கும் இவர் ஆடியது டென்னிஸ் பாலில் மட்டும்தான். அகாடமி கிடையாது, கோச் கிடையாது. ஆனால் ஊர் கிரவுண்ட் ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்தது. டென்னிஸ் பால் லேசானது. கொஞ்சம் ஷார்ட்டாகப் போட்டால் எழும்பி வரும், பேட்ஸ்மேன் தூக்கி அடித்துவிடுவார். தப்பிக்க ஒரே வழி, காலடியில் குத்துகிற யார்க்கர். ஆறு பந்தும் அதே இடத்தில்! பின்னாளில் உலகமே பார்த்த யார்க்கரின் நாற்றங்கால் இதுதான்.

அந்த ஒரு அண்ணன்!

திறமை இருக்கிற பசங்க எல்லா ஊரிலும் இருக்காங்க. 'டேய், நீ சென்னைக்குப் போடா' என்று சொல்ல ஆள் வேண்டுமே? நடராஜனுக்கு அப்படிக் கிடைத்தவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். சென்னை லீக் கிரிக்கெட்டின் ருசி தெரிந்தவர். இவரைக் கூட்டிப்போய் டிவிஷன் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார். 2010-11 சீசனில் நாலாவது டிவிஷனில் ஆரம்பம். அங்கிருந்து படிப்படியாக முதல் டிவிஷன். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம்.

சினிமாவாக இருந்தால் இங்கே பாட்டு வந்திருக்கும். நிஜத்தில் வந்தது இடி. பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று ரிப்போர்ட்! சின்ன வயசிலிருந்து பழகிய கையை இருபத்து மூணு வயசில் மாற்ற வேண்டிய நிலை. முன்னாள் வீரர் சுனில் சுப்பிரமணியம் போன்றவர்களின் உதவியோடு ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு, 2016-ல் டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்காக யார்க்கர்களாக இறக்கினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு!

எல்லோரும் கதையை இந்த 3 கோடியோடு முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அந்த சீசனில் 6 மேட்ச், 2 விக்கெட். அடுத்து ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு வருஷமும் ஒரு மேட்ச் கூட இல்லை. பெஞ்ச்தான்! ஊருக்கு வந்தால் 'என்னப்பா, டிவியில காணோம்?' என்று கேட்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

2020-ல் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட். டிவில்லியர்ஸ் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை யார் மறப்பார்? வலைப்பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2-ல் ஒருநாள், 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே டூரில் மூன்றிலும் அறிமுகமானார். எந்த இந்தியருக்கும் அதுவரை வாய்க்காதது. அதற்கு முன்பே, பிளேயராக, தன் ஜெர்ஸியில் அவர் எழுதிக்கொண்ட பெயர் 'ஜேபி நட்டு'. ஜேபி யாரென்று சொல்லவும் வேண்டுமா?

ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் வரவேற்பு. அதெல்லாம் ஒருநாள் கூத்து. 2023 ஜூன் 23-ல் சின்னப்பம்பட்டியில் தன் பெயரில் அவர் திறந்த கிரிக்கெட் மைதானம் இருக்கிறதே, அது நிற்கும். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அடுத்த தறிக்காரர் வீட்டுப் பையன் டர்ஃப் பிட்ச் பார்க்க சென்னை வரை போக வேண்டியதில்லை.

இந்த ஞாயிறும் பெருமாநல்லூர் பக்கம் ஏதோ ஒரு காட்டில் ஒரு செக்கிங் பையன் யார்க்கர் போடத்தான் போகிறான். காலேஜ் முடித்து, லீக் ஆடி, நாலு ஊர் பார்த்த அண்ணன்களே... கப் கொடுத்து, போட்டோ எடுத்து, கிளம்பிவிடாதீர்கள். அவனிடம் சென்னை பஸ் எங்கே நிற்கும், யாரைப் போய்ப் பார்க்கணும், எங்கே தங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவனுக்குத் தெரியாதது அது மட்டும்தான்!