ஏழாம் நாள் கருவும் நாலு வருஷக் காளையும்

சினைப்பைகள் தெர்மாஸ் குடுவையில் வந்து சேர்ந்தன. சென்னையில் ஒரு கால்நடை ஆய்வகம். விடியற்காலையில் இறைச்சிக்கூடத்தில் எடுத்தவற்றை உப்புக் கரைசலில் போட்டு, உடம்புச் சூடு ஆறாமல் கொண்டுவந்திருந்தார் உதவியாளர். ஒன்றைக் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்துக் காட்டினார் ஆய்வாளர். அரைநெல்லிக்காய் மாதிரி இருந்தது. மேலெல்லாம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். இரண்டு மில்லிமீட்டரிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரைக்குள் இருக்கிற கொப்புளங்களைத்தான் குத்துவார்களாம். சிரிஞ்சில் ஏறியது வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் நீர். அதற்குள் கருமுட்டை.

“எந்த மாட்டோடது?” என்று கேட்டேன்.

“தெரியாது சார். அறுப்புக்கு வந்த மாடு. எந்த ஊரு, எந்த வீடு, ஒண்ணும் தெரியாது.”

ஆய்வாளர் வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண். மதுரை ஜில்லா மாடுகளைப் பார்த்து வளர்ந்தவர். இப்போது வேலை செய்வது பேர் தெரியாத மாடுகளின் முட்டைகளில். நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். நடுவில் கருத்த உருண்டை, சுற்றிலும் பஞ்சு அப்பியதுபோல் துணை செல்கள். பஞ்சு அடர்த்தியாக இருப்பதை ஒரு சொட்டில் சேர்த்தார், உதிர்ந்துபோனதை ஒதுக்கினார். கை நடுங்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் இன்குபேட்டருக்குள். 38.5 டிகிரி, ஐந்து சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. எண்ணெய்க்கு அடியில் மூழ்கிய மீடியா என்ற வளர்ப்புக் கரைசலின் சொட்டுகளில் முட்டை ஒரு நாள் முதிர்கிறது. பிறகு உறைவிந்தை உருக்கிச் சேர்க்கிறார்கள். கிராமத்தில் சினை ஊசி போட எடுத்து வருவார்களே, திரவ நைட்ரஜன் குடுவையில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் மெல்லிய குழல், அதேதான். ஏழாம் நாள் வாக்கில், நூறு முட்டை வைத்தால் முப்பது நாற்பது தேறி பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். உள்ளே நீர் கோத்த ஒரு பந்து. அதன் ஓர் ஓரத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள்தான் பின்னால் கன்றாகும். சுற்றுச்சுவர் நஞ்சுக்கொடிக்குப் போகும்.

மாட்டுக்கருவிலிருந்து செல் லைன் எடுப்பது என்றால் அந்தக் கொத்தைப் பிரித்து, தட்டில் வைத்து, தன்மை மாறாமல் பெருகிக்கொண்டே இருக்கச் செய்வது. அங்கேதான் சிக்கல். சுற்றுச்சுவர் செல்களில் நாலைந்து கூட வந்துவிட்டாலும் போதும், அவை தட்டு முழுக்கப் பரவிவிடும். கொத்தோ ஒன்று செத்துப்போகும், இல்லையென்றால் தோலாகவோ நரம்பாகவோ உருமாறத் தொடங்கும். எலிக்கருவில் இந்தச் செல்களை 1981இலேயே எடுத்துவிட்டார்கள். மனிதக் கருவில் 1998இல். மாட்டுக்கு நிலையான லைன் கிடைத்ததோ 2018இல்தான், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில். மனிதனுக்கும் மாட்டுக்கும் நடுவில் இருபது வருஷம். காரணம் மீடியா. செல்லை உருமாறவிடாமல் தடுக்கும் ஒரு சின்ன ரசாயனத்தை அதில் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆனது.

மீடியா ஊற்றுவது தப்பக்கூடாத வேலை. ஞாயிறும் இல்லை, பொங்கலும் இல்லை. வாடிப்பட்டிக்காரர் மாட்டுப்பொங்கலுக்கு ஊருக்குப் போவதே அபூர்வம் என்றார். இத்தனைக்கும் பாலமேட்டில் ஜல்லிக்கட்டு அன்றைக்குத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு? கருத்தரிப்பில் எந்த மரபணு எப்போது விழிக்கிறது, கரு எந்த நாளில் ஏன் சாகிறது என்பதையெல்லாம் பசுவின் வயிற்றுக்குள் பார்க்க முடியாது, தட்டில் பார்க்கலாம். இன்னொன்று, குளோனிங். உட்கரு நீக்கிய முட்டைக்குள் வேறொரு செல்லை இணைத்தால், அந்தச் செல்லின் உட்கரு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கருவின் செல் தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் சுலபம். விஸ்கான்சினில் 1994இல் வளர்ப்புத் தட்டிலிருந்த கருச்செல்களிலிருந்து கன்றுகள் பிறந்தன. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில், ஒன்பது நாள் கருவிலிருந்து எடுத்த செல் லைனிலிருந்து மேகன், மொராக் என்ற இரண்டு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. 1996இல் அதே இடத்தில் வளர்ந்த ஆட்டின் மடிச்செல்லிலிருந்து டாலி பிறந்ததும் இந்த இரண்டையும் உலகம் மறந்துவிட்டது. டாலிக்காக இணைத்த முட்டைகள் 277, பிழைத்தது ஒன்று.

நம் நாட்டில் இந்தக் கதை நடந்தது ஹரியானாவின் கர்னாலில், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில். 2009 பிப்ரவரியில் பிறந்த சம்ரூபா என்ற எருமைக்கன்று சில நாள்கூடத் தாங்கவில்லை. அதே வருஷம் ஜூனில் கரிமா. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமாவுக்குக் கொடுத்தது தோல் செல் இல்லை, கருமூலச் செல். அது வளர்ந்து 2013 ஜனவரியில் மகிமாவை ஈன்றது. விலை உயர்ந்த ஊசிக் கருவிகள் இல்லாமல் முட்டையைக் கையாலேயே பிளேடில் வெட்டி உட்கருவை நீக்கும் முறை அவர்களுடையது. 2023 மார்ச்சில் கங்கா என்ற கிர் இனக் கன்றும் அங்கேதான் பிறந்தது.

கருச்செல் சுலபம் என்றால் எல்லாரும் அதையே எடுக்கலாமே? எடுக்கலாம்தான். ஆனால் அந்தக் கரு எப்படிப்பட்ட மாடாக வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு பால் கறக்கும், மடி நோய் தாங்குமா, குணம் எப்படி? ஒன்றுமே தெரியாத ஒன்றை நூறு பிரதி எடுத்து என்ன பயன்? நல்ல மாடென்று தெரிந்த பிறகு காதில் ஒரு துண்டுத் தோல் எடுக்கலாம். ஆனால் அந்தச் செல் பழைய வேலையை மறப்பதற்குள் பல கருக்கள் செத்துப்போகும். சிலது வயிற்றுக்குள் அளவுமீறி வீங்கும். மாட்டு குளோனிங்கில் இன்றுவரைக்கும் பசுவுக்குள் வைக்கும் கருவில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோதான் கன்றாகின்றன. சுலபமானதை நம்ப முடியாது, நம்பக்கூடியது சுலபமில்லை. ஆய்வகத்தில் என்ன பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நின்றது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நான் நினைப்பது ஒரு கிடை மாட்டுக்காரரை. மேலூருக்குக் கிழக்கே, அறுப்பு முடிந்த வயலில் புளிகுளம் மாட்டுக் கிடை. சிவகங்கைச் சீமையின் இந்த இனம் வைகை, பெரியாறு பாசன வயல்களில் இரவு அடைந்து கிடந்து எரு போடும். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். காளைக்கன்றுகளை ஜல்லிக்கட்டுக்கு வளர்ப்பவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். கிடைக்கு வரும்படி இந்த இரண்டும்தான், பாலைக் கன்று குடித்துவிடும். விடுப்பில் வந்திருந்த ஆய்வாளரோடு நானும் போயிருந்தேன். இந்த இனத்தின் தோல் செல்களைச் சேர்த்து உறையவைக்கலாமா என்று பார்க்க அவருக்கு ஆசை.

“என்ன தாயி, அலங்காநல்லூர்ல நின்னு விளையாடுன காளைய அப்படியே இன்னொண்ணு செஞ்சிரலாம்ங்கிறியா?”

“செய்யலாம் சித்தப்பா. கஷ்டப்பட்டா வரும். ஆனா மேல இருக்கிற வெள்ளைத் திட்டு, புள்ளியெல்லாம் அச்சா அதே மாதிரி வராது. அது தாய் வயித்துல அமையறது.”

“அப்ப சுழியும் மாறிப்போகுமோ? சுழி மாறுனா வாங்க வந்தவன் பாதிக் கெரயத்துக்குக் கேப்பான்!” என்று சிரித்தவர், பிறகு சிரிக்காமல் சொன்னார்: “கன்னுல ஒண்ணும் தெரியாது தாயி. நாலு வருஷம் ஆகணும். யாரு வளத்தான், என்னத்தத் தின்னுச்சு, எத்தன மைல் நடந்துச்சு, அம்புட்டும் வாடிவாசல்லதான் தெரியும். அதே ரத்தம்னா அதே காளையாயிருமா?”

நடை என்றதும் பேச்சு மேய்ச்சலுக்குத் தாவியது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டு, சில நாளிலேயே அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் அளவுக்குக் குறைத்தது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கோடையில் மாட்டை எங்கே ஓட்டுவது என்பதுதான் அவருடைய கவலை. செல்லுக்கு மேய்ச்சல் வேண்டாம், நைட்ரஜனை மட்டும் ஊற்றி வந்தால் போதும் என்று ஆய்வாளர் சொன்னபோது ஒரு முறை முறைத்தார். “நீ ஊத்திக்கிட்டே இரு. நாங்க எங்க போறது?” அந்தக் கோபம் நியாயம்தான். குடுவையில் இனம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுக்க நாளைக்கு ஒரு அதிகாரிக்குச் சாக்குக் கிடைத்துவிடும்.

ஆனாலும் காதில் துண்டு எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் குறித்துவைத்திருந்த மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல திமில், நல்ல கொம்பு, கிடையிலேயே எடுப்பானவை.

“இதுக அம்புட்டும் ஒரே காளைக்குப் பொறந்ததுக. இதுகள மட்டும் எடுத்துட்டுப் போனீன்னா நூறு வருஷம் வச்சிருந்தாலும் ஒரு குடும்பந்தான் இருக்கும். அந்தா நிக்குது பாரு மயிலை, அது ஆத்தா வேற. அந்தக் கூடுகொம்பு, அதுவும் வேற வழி. அந்த நொண்டிப் பசுவையும் எழுதிக்க.”

நொண்டியா என்று ஆய்வாளர் தயங்கினார். லாரி இடித்துக் கால் போனது, ரத்தத்தில் ஒன்றும் பழுதில்லை, வருஷம் தவறாமல் ஈனுகிறது என்றார் அவர். நோட்டில் பாதிப் பெயர்களை அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எந்தத் தாய், எந்தக் காளை, எந்த வருஷத்துக் கன்று என்று புதிதாக எழுத ஆரம்பித்தார் ஆய்வாளர்.