தராசடியில் தொடங்கும் வேலை

பதுளைப் பக்கம் சிறு தொழில் செய்யும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஆட்கள் ஒழுங்காக வேலை செய்யிறாங்க இல்லை ஐயா" என்று குறைபட்டுக்கொள்ளும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். அந்த ஆட்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் சும்மா காத்து நிற்கிறார்கள்? அதை யாரும் கவனித்ததில்லை. கை மெதுவாக ஓடுகிறது என்று முதலாளி கோபப்படுகிறார். கைக்கு வேலை வந்து சேர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பகல் நின்றால் இது விளங்கும். செங்குத்து மலையிலிருந்து சுமையோடு பெண்கள் ரோட்டுக்கு இறங்குகிறார்கள். அங்கே வரிசை. அமுக்கி நிரப்பிய சாக்குக்குள் கொழுந்து சூடேறி, நசுங்கிய இலை சிவக்கிறது. தராசுக்காரர் ஓர் எண்ணைச் சொல்கிறார். தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கிறார். ஏன் இவ்வளவு என்று கேட்டால் முகம் மாறுகிறது. அந்தக் கசப்போடு மலையேறும் பெண்ணின் கை எப்படி உற்சாகமாக ஓடும்? ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். சிவந்த இலையை எந்த ஸ்டோராலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையாலும், நல்ல தேயிலையாக்க முடியாது. ஆகவே வரிசையில் போகும் நேரம் அவளுடைய கூலியைக் குறைப்பதோடு நிற்பதில்லை, கொழும்பு ஏலத்து விலையையும் குறைக்கிறது.

1890இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார். அங்கே உயரத்திலிருந்து ஸ்டோருக்குக் கம்பி கட்டிக் கொழுந்துச் சாக்கை இறக்கினார்கள். கொழுந்து வாடாமல் விரைவாக வந்து சேர்ந்தது. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் இலையின் நேரத்தை எண்ணிய துரைமார் பெண்ணின் நேரத்தை எண்ணவில்லை. இன்றும் கூலி கேட்கும்போதெல்லாம் கம்பனிகள் உற்பத்தித்திறனைப் பற்றிப் பேசுகின்றன. 2024இல் நாட்கூலி 1,350 ரூபாய் ஆவதற்கு முன்னும் அதே பேச்சுத்தான். அது இன்னும் கூடக் கிலோ பறிக்கச் சொல்வதில் முடிகிறதே தவிர, தராசை மலைக்குக் கிட்டக் கொண்டுபோவது பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது.

வேலை இடத்தை ஒழுங்குபடுத்த நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டு டாக்டர் விமல் கரந்தாகொட, ஜப்பானியரின் ஐந்து 'எஸ்' முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததை அகற்றுவது, வேண்டியதற்கு இடம் குறிப்பது, துப்புரவு, இவற்றை நிலைப்படுத்துவது, பழக்கமாக்குவது, இவ்வளவுதான். ஆபிரிக்க நாடுகளிலிருந்து சுகாதார அதிகாரிகள் வந்து அதைப் படித்துப்போனார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முடிந்தது ஒரு சில்லறைக் கடையில் முடியாதா?

பண்டாரவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பேக்கரி நடத்துகிறது. மா மூட்டை பின்னறையில், தராசு முன்னால், போறணை இன்னொரு மூலையில். பையன் இரவெல்லாம் நடந்தே களைத்துப்போவான். விடிந்ததும் பாண் விற்கும் ஆட்டோக்காரர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். எண்ணிக்கையில் தகராறு வேறு. முதலில் தராசை மா மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் எத்தனை பாண், எத்தனை பணிஸ் என்பதை முதல் நாள் மாலையே கரும்பலகையில் எழுதினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனித் தட்டு, தனிக் கொப்பி. எண்ணும்போது இரண்டு பேரும் பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள். திரும்பி வரும் பாணும் அதே கொப்பியில் ஏறியதால், எந்தப் பாதையில் எது விலைபோகவில்லை என்பது தெரிந்தது, வீணாவதும் குறைந்தது. செலவு ஒரு பலகையும் சில கொப்பிகளும்.

கடினமாக இருந்தது வேறொன்று. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் உத்தரவு மேலிருந்து கீழேதான் வரும், அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு முதலாளி முன்னால் வாய் திறக்க வராது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து, வயதில் சின்னவனிடம் முதலில் கேட்பார்: "நேற்று உனக்கு எது தடையாக இருந்தது, தம்பி?" முதல் சில நாள் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒருநாள் மாப்பலகை உயரமாக இருப்பதால் தோள் நோகிறது என்றான். அன்றே பலகையின் காலை வெட்டினார்கள். அதன் பிறகு மற்றவர்களும் பேசினார்கள்.

மிச்சப்பட்டதில் ஒரு பங்கைத் தீபாவளிக்கு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அது தோட்டத்து முற்பணம் மாதிரிப் பின்னால் சம்பளத்தில் கழிக்கும் பணமல்ல. கணக்கை அதே கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகே கொடுத்தார்கள். இப்போது அந்தப் பையன் தட்டு அடுக்கும் ராக்கையைப் போறணைக்குக் கிட்ட நகர்த்தச் சொல்லியிருக்கிறான். சுவரில் ஒரு பகுதியை இடிக்க வேண்டும். பெரியவர் மேசனிடம் விலை கேட்டிருக்கிறார்.