சைலன்சரும் எஷாப்மானும்

காரின் அடியில் எஞ்சினில் தொடங்கி வால்பக்கம் வரை போகிற குழாய் முழுவதையும் நம் பக்கத்தில் 'சைலன்சர்' என்றே சொல்கிறோம். சத்தத்தை அடக்குவது என்று பொருள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'போ தெஷாப்மான்' என்று பெயர். 'போ' என்றால் சட்டி. 'எஷாப்மான்' என்றால் வெளியேறுதல், தப்பித்துப் போதல். சத்தத்தைக் குறைக்கும் உறுப்பை மட்டும் குறிக்க 'சிலான்சியே' என்று தனிச் சொல் உண்டு. இரண்டு வேலைக்கு இரண்டு பெயர். நாம் ஒரே பெயரை வைத்துக்கொண்டதால், கழற்றினால் சத்தம் மட்டும்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை என்பதை 1984-ல் ராயபுரத்தில் நேரில் பார்த்தேன்.

அப்போது துறைமுகத்தை ஒட்டிய மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. என் சகலை ராயபுரத்தில் சொந்த வீட்டில் இருந்தார். என்னைவிட மூத்தவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். பழைய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் செய்த கார். கேட்பவரிடமெல்லாம் "இது ஸ்போர்ட்ஸ் கார்" என்பார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி மாற்றித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். நம் வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்ட் ஓடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் சகலையின் வண்டி ஓடியதெல்லாம் வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு. எப்போதாவது எங்கள் ஊர் புதுச்சேரிக்கு, திண்டிவனம் வழியாக.

அந்தப் புதுச்சேரிப் பயணங்களில்தான் விஷயம் இருந்தது. சகலையின் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, மதுராந்தகம் தாண்டுவதற்குள் தலையைப் பிடித்துக்கொள்வார். குமட்டல் வரும். பித்தம் என்றார்கள், கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். ஒரு டாக்டர் கண் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட உட்கார்ந்தால் சரியாகிவிடும். அவர்களுடைய மூன்று வயதுப் பெண் காரில் ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். எழுப்பினாலும் லேசில் எழாது. "எவ்வளவு சமத்து, வழியெல்லாம் தொந்தரவே இல்லை" என்று எல்லோரும் மெச்சினோம். ஓட்டுகிற சகலைக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

ஐப்பசி மழையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போன ஒரு பயணத்தில் இருவருக்கும் அதிகமாகிவிட்டது. திரும்பி வந்ததும் சகலை தெருக்கோடியில் இருந்த ஒரு மேஸ்திரியிடம் இதைச் சொன்னார். எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஈரச் சாக்கைச் சுருட்டி வால்குழாயின் வாயை அடைத்தார். குழாய் நல்லதாக இருந்தால் புகை போக வழியின்றி எஞ்சின் திணறி நின்றுவிடும். இது நிற்கவில்லை. பின் சீட்டுக்குக் கீழே புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"இது பித்தம் இல்ல சார், பொகை. அந்தக் கொயந்த தூங்கல, மயங்கிக் கெடந்திருக்கு" என்றார்.

சகலை அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரோல் எரிந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம், அதற்குப் பிறகு மரணம். சகலை தப்பியதற்குக் காரணம், அந்தக் காலத்தில் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டுவோமே, அதற்காக அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருந்ததுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே கழற்றினோம். டார்ச் பிடித்தது நான். முதல் நாள் இரவே மேஸ்திரி நட்டுகளில் எல்லாம் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு ஊறவைத்திருந்தார். காலையில் எஞ்சின் ஆறியிருந்தது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் உட்கார வைத்தார். போதாதென்று ஸ்டெப்னியையும் படுக்கவைத்து அடியில் தள்ளினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது என்றார். செங்கல்லும் உதவாதாம்; திடீரென்று நொறுங்கிவிடுமாம்.

ஹெரால்டின் பானெட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயரின் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். மேனிஃபோல்டில் குழாய் சேரும் இடத்து நட்டுகளை அங்கிருந்துதான் பிடித்தார். எடுத்ததும் இடதுபுறம் திருகவில்லை. முதலில் ஒரு நூல் இறுக்கினார், பிறகு தளர்த்தினார். அப்படிச் செய்தால்தான் துரு விட்டுக்கொடுக்குமாம். அடியில் இருந்த கிளாம்ப் நட்டு ஒன்று எதற்கும் அசையவில்லை. சகலையின் தம்பி, கல்லூரி மாணவன், "புளோ லாம்ப் வெச்சு சூடு பண்ணலாமே" என்றான். "பெட்ரோல் டாங்கி பக்கத்துல நெருப்பு வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஹேக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.

சைலன்சர் டப்பா இறங்கியதும் அதைச் சாய்த்தார். செந்நிறத் தண்ணீரும் துருத் தூளும் கொட்டின. மேல்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் முழுசாக உள்ளே போனது. நம் கடற்காற்றுதான் காரணம் என்றேன். "வெளிய உப்பு, உள்ள தண்ணி" என்றார் மேஸ்திரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தூரமாக ஓடினால் குழாய் சூடாகி ஆவி வெளியே போய்விடும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மட்டும் போய் நிறுத்தினால், உள்ளேயே தண்ணீராகத் தங்கி அரிக்கும். பத்திரமாகக் கொஞ்சமாக ஓட்டிய வண்டிக்குத்தான் சைலன்சர் சீக்கிரம் போகும்!

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது டப்பா வாங்க மறுநாள்தான் போக முடியும். அதற்குள் தம்பி, "இன்னைக்கு மட்டும் அப்படியே ஒரு ரவுண்டு போகலாமா? சோழவரம் மாதிரி சத்தம் வரும்" என்று கெஞ்சினான்.

மேஸ்திரி அவனை அருகில் கூப்பிட்டார். "சோழவரத்துல ஓடறதுல டப்பா இருக்காது, ஆனா கொழாய் இருக்கும் தம்பி. பொகையக் கொண்டுபோயி வெளிய வுட்டுடும். உன் அண்ணி வண்டியில இப்ப அதுவும் இல்ல" என்றார். நாற்பது வருடம் லாரிகளோடு வாழ்ந்த அந்த மனிதருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எஷாப்மான் என்ற சொல்லின் பொருளை அவரைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

மறுநாள் மாலை புது டப்பா மாட்டினார். இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டுகள் போட்டார். பித்தளை இறுகிப் பிடிக்காது, அடுத்த முறை சுலபமாக வரும். தரையில் இருந்த துரு ஓட்டைகளையும் தகடு வைத்து அடைக்கச் செய்தார். கடைசியாக மறுபடியும் ஈரச் சாக்கு. எஞ்சின் இரண்டு முறை திணறி நின்றது.

பொங்கலுக்குப் புதுச்சேரி போனபோது அந்தக் குழந்தை தூங்கவே இல்லை. "அது என்ன, இது என்ன" என்று வழி முழுக்கக் கேள்வி கேட்டு எங்களைத் துளைத்தெடுத்துவிட்டது. என் மனைவியின் அக்கா எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்குக் கொடுத்துவிட்டார்.

இப்போதைய கார்களில் இந்த வேலையை வீட்டில் செய்ய நான் சொல்லமாட்டேன். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. அதற்குள் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. நச்சுப் புகையில் பெரும்பகுதியை அதுதான் மாற்றி அனுப்புகிறது. சத்தத்துக்காக இதையும் சேர்த்துக் கழற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டமும் சும்மா இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, காற்று மாசு விதிகளை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் தடை எல்லாம் உண்டு.

ஆனால் பிள்ளைகளிடம் அபராதத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சமத்துக் குழந்தையின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் காரில் போகும்போது மட்டும் யாருக்காவது தலை வலிக்கிறது, இறங்கினால் சரியாகிறது என்றால், எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். கண்ணாடிகளை இறக்குங்கள், வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் இறக்கிவிடுங்கள், மெக்கானிக்கிடம் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.