மணத்துக்கு முன் ஒரு படம்: வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில், எம் தமக்கையார் குடியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, நீ தாய்மாமன். வந்து ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போ" என்றார். சீதனப் பேச்சிலோ சாதகப் பொருத்தத்திலோ ஏதேனும் சிக்கல் முளைத்துவிட்டது போலும் என்று அஞ்சியே சென்றோம். வழக்கு அதுவன்று. மணநாளுக்கு இரண்டு மாதங்கள் முன்னதாக மணமக்கள் இருவரும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்று படம் எடுத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதே வழக்கு.

மருமகளுக்கு ஆசை. அவளுடைய தோழியர் அனைவரும் எடுத்துக்கொண்டார்களாம். தமக்கையாரோ, "இன்னும் தாலி ஏறாத பிள்ளை, படம் காலையில் எடுத்தால் மாலைக்குள் இலண்டன், தொரன்ரோ எங்கும் கைத்தொலைபேசியில் போய்விடும். நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் யார் பதில் சொல்வது?" என்றார். அத்தானின் கவலை வேறு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் எல்லாப் பொருளும் விலையேறிக் கிடக்கையில், மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுப்பதோடு இதற்கும் கொடுப்பதா என்று அவர் கணக்குப் பார்த்தார். படப்பிடிப்பாளர் கேட்ட தொகை, எம் போன்ற ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை முழுதாக விழுங்கக்கூடியது. மூலையில் சாய்மனைக் கதிரையில் இருந்த எம் அன்னையார் ஒன்றும் கூறவில்லை.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. தாய்வான் நாட்டில் மணத்துக்கு முன்பே மணக்கோலத்தில் படம் எடுத்து அல்பம் செய்துகொள்ளுதல் பல்லாண்டுகளுக்கு முன்பே பெருந்தொழிலாகிவிட்டது. நம்மவரிடையே படம் கலியாணத்துக்குள் நுழைந்த வழி வேறு. முதலில் வந்தது பெண் பார்க்கும் படம். தரகர் கையிலும், பின்னர் வெளிநாட்டுத் தபாலிலும் அது பயணம் செய்தது. முகத்தை நேரில் காணாமலே படத்தைக் கண்டு சம்மதித்தவர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! கொழும்பில் 1860களிலேயே ஸ்கீன் என்பாரின் படநிலையம் இயங்கியது. 1890இல் பிளேட் நிறுவனம் தொடங்கியது. வசதியுள்ளோர் அங்கெல்லாம் சென்று, தூணும் திரையும் பின்னிருக்க அசையாது நின்று படமானார்கள். ஆயினும் தாலி ஏறுமுன் இருவர் அருகருகே நிற்பதென்பது அந்நாளில் எண்ணவும் முடியாதது.

ஞாயிற்றுக்கிழமை காலை, படப்பிடிப்பாளர் எழுதிக் கொடுத்த இடங்களை நேரிற் கண்டு வருவோம் என்று மருமகளையும் மாப்பிள்ளைப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். காவலுக்குச் சென்றோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் முதலிடம் வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு. கடலுக்கும் கடற்கரை வீதிக்கும் நடுவே புகையிரதப் பாதை ஓடுவது இப்பகுதியின் தனியழகு. கறுத்த கற்பாறைகள் ஒருபுறம், தாழை மறுபுறம். அந்தி வேளையில் அக்காட்சி கண்ணைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அலையோசையில் வண்டியின் ஓசை அமிழ்ந்துபோகும். தண்டவாளத்தில் நின்று படமெடுத்து உயிரிழந்த இளைஞரைப் பற்றி நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். 2020 நவம்பரில் கர்நாடகத்துத் தலக்காட்டில், மணத்துக்கு முன் படம் எடுக்கக் காவிரியில் பரிசலேறிய இணையர் அது கவிழ்ந்து மாண்டதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "இந்த இடம் வேண்டாம், மாமா" என்று மாப்பிள்ளைப் பிள்ளையே முதலில் வெட்டிவிட்டார். அவர்மேல் எமக்கு மதிப்புப் பிறந்தது அக்கணத்திலேதான்.

வெள்ளவத்தையில் வண்டியேறிப் பம்பலப்பிட்டியைக் கடந்து கொள்ளுப்பிட்டியில் இறங்கினோம். அங்கிருந்து காலிமுகத்திடல் வரை நடை. 1859இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அமைப்பித்த இத்திடலின் வடபால், கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயர் நிலம் எழுப்பித் துறைமுக நகரம் ஆக்கியிருக்கிறார்கள். 2022இல் மாதக்கணக்காக மக்கள் திரண்டு நின்ற இடமும் இதுவே. இறால் வடை விற்போரும் பட்டம் விடுவோரும் குடைக்கீழ்க் காதலரும் நிறைந்த இத்திடலில், இருவர் நின்று படம் எடுப்பதை எவரும் திரும்பியும் பாரார். தமக்கையாரின் அச்சத்துக்கு இங்கே பாதி விடை கிடைத்ததாக எமக்குப் பட்டது.

பஸ்ஸில் புறக்கோட்டை சென்று செட்டியார் தெருவில் நுழைந்தோம். நகைக்கடைகளின் கண்ணாடிக்குள் தாலிக்கொடிகள் மின்னின. ஆடிவேல் விழாவில் இங்குள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் புறப்படும். அன்றைக்கு இத்தெருவைப் பார்க்கவேண்டும். பட்டியலில் இவ்விடம் இல்லை. மருமகள் ஒரு கடை வாசலில் நின்று, "இதிலே நின்று எடுத்தால் என்ன? எங்களுக்குத் தாலி வாங்கப்போகிற தெருதானே" என்றாள். வெளிநாட்டுப் பூங்காவைப்போல் தோன்றும் இடங்களையே தேடிப்போகும் படப்பிடிப்பாளருக்கு இது தோன்றாதது வியப்பன்று.

மேலும் வடக்கே சென்றால் கொச்சிக்கடை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அந்தோனியார் கோயில் முன்னால் எம்மதத்தாரும் மெழுகுதிரி ஏற்றி நிற்கின்றனர். நாமும் நின்றோம். அருகே பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தந்தையார் எழுப்பிய கோயிலை 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் மீளக் கட்டினார். வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்தால் கல்லின் குளிர்ச்சி உடலெங்கும் பரவும். தூண்களின் வரிசையைக் கண்டதும் மருமகளின் கை தானாகவே கைத்தொலைபேசியைத் தேடிற்று. பின் அவளே அதைப் பைக்குள் வைத்துவிட்டாள். இறைவன் சந்நிதி படத்திரை அன்று என்று நாம் சொல்ல நேரவில்லை.

மதிய உணவு ஜம்பட்டா வீதியில், மாப்பிள்ளை வீட்டில். கீழே சிறு கடை, மேலே இரண்டு அறைகள். சுவரில் சம்பந்தியாரின் மணப்படம் தொங்கிற்று. பின்னால் தாஜ்மகால் தீட்டிய திரை, இருவரும் சிரிக்கவில்லை. "சிரிக்கக்கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொன்னவர்" என்றார் சம்பந்தியம்மாள், மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே. தாஜ்மகாலை இருவரும் இன்றுவரை கண்டதில்லையாம்.

மாலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பி நடந்தவற்றைக் கூறினோம். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் எம் அன்னையார் முதன்முறையாக வாய் திறந்தார்.

"பிள்ளையள் எடுக்கட்டும். எனக்கு உங்கட அப்பாவின்ர மாப்பிள்ளை முகம் மறந்து போச்சு."

அறையில் எவரும் பேசவில்லை. 1983 ஜூலை 25ஆம் நாள் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளுள் எம் வாடகை வீடும் ஒன்று. எமக்கு அப்போது மூன்று வயது. அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை சென்றபோது அன்னையாரிடம் இருந்தது உடுத்த சேலையும் தாலிக்கொடியும் மாத்திரம். மணப்படங்கள் இருந்த அல்பம் அலுமாரியோடு போயிற்று. எம் தந்தையாரின் படமாக இன்று வீட்டில் மாலையிட்டிருப்பது, முதுமையில் அடையாள அட்டைக்காக எடுத்தது. அந்த முகத்தையே அன்னையாருக்கும் நினைவிருக்கிறது. இருபத்தெட்டு வயதில் அருகே அமர்ந்தவரின் முகம் நினைவில் இல்லை. இதனை இத்தனை ஆண்டுகளில் அவர் எம்மிடம் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

அதன்பின் தமக்கையார் வாதிடவில்லை. ஆயினும் அத்தானின் கணக்கும் நியாயமானதன்றோ? எனவே அரைநாள் போதும் என்றோம். வாடகை உடை வேண்டாம், உள்ள சேலையும் வேட்டியும் ஆகும். காலிமுகத்திடலும் செட்டியார் தெருவும் மாத்திரம். மணநாள் வரை எவர் தொலைபேசிக்கும் அனுப்புவதில்லை. தொகை பாதிக்கும் கீழே வந்தது. அன்னையார் ஒரு நிபந்தனை சேர்த்தார்: தொலைபேசியில் வைத்திருந்தால் போதாது, தாளில் அச்சிட்டு மூன்று தொகுதிகள் செய்யவேண்டும். ஒன்று வெள்ளவத்தையில், ஒன்று கொட்டாஞ்சேனையில், மற்றது தொரன்ரோவிலுள்ள எம் தம்பி வீட்டில் இருத்தல் வேண்டும்.

"ஏன் அம்மம்மா மூன்று?" என்று மருமகள் கேட்டாள். தமக்கையார் அவள் கையை மெல்ல அழுத்தினார்.

படங்கள் சென்ற வாரம் வந்தன. செட்டியார் தெருப் படத்தில் பின்னால் ஒரு மாட்டு வண்டியைப்போல் தள்ளுவண்டி குறுக்கே புகுந்திருக்கிறது. மாப்பிள்ளைப் பிள்ளை அதைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். படப்பிடிப்பாளர் அதை நீக்கிவிடலாம் என்றாராம், மருமகள் சம்மதிக்கவில்லை. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்னர் படத்தைத் திருப்பி, பின்புறத்தில் திகதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதச் சொன்னார். மூன்று தொகுதியிலும் எழுதினோம்.