நின்றுபோன நடைப்பொறி

இரத்தினபுரி மழையிலே நாள்தோறும் வெளியில் உலாவுதல் எளிதன்று. ஆதலால், முன்னாளில் இறப்பர் மலையேறிப் பால் வெட்டிய எங்கள் அன்னையாரின் நீரிழிவுக்கு நடையே மருந்தென வைத்தியர் கூறியதும், 'ட்ரெட்மில்' எனும் நடைப்பொறியொன்று வாங்கினோம். 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்பார் ஆங்கிலச் சிறைக் கைதிகளின் கடுந்தண்டனைக்கென அமைத்த மிதிசக்கரமே இதன் மூதாதை!

சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய பொறி, ஒருநாள் நடுநடையில் சட்டென நின்றது. அன்னையார் தடுமாறிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். எமக்கோ நெஞ்சு பதறிற்று. அவரோ, "மெசினுக்கும் மூச்சு முட்டுது போல" என்றார்.

அது உண்மையே. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பட்டியின் அடியில் விரலை நுழைத்துப் பார்த்தோம்; முற்றும் வறண்டிருந்தது. எண்ணெய்ப் பசை வற்றினால் உராய்வு மிகும்; மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்; எரிந்துபோகாமல் காக்கப் பொறி தானே நின்றுவிடும். தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. சிலிக்கோன் எண்ணெயே இட்டோம். மெல்லிய நீட்டு வயரையும் அகற்றிச் சுவரில் நேரே இணைத்தோம். பொறி மீண்டும் சீராக ஓடிற்று.

ஆயினும் ஒரு பாடம் கற்றோம். முன்பு மூலையிற் கிடந்த பாதுகாப்புச் சாவியின் கயிற்றை ஆடையில் மாட்டிய பின்னரே, அன்னையார் இப்பொழுது முதலடி வைக்கிறார்.