விடைபெறாத மணி

மலருக்கெனப் பழைய மாணவர் பெயர்களையும் முகவரிகளையும் கணினியிற் பொறித்துக்கொண்டிருந்தோம். இடையில் விசைப்பலகை அடங்கிற்று. தமிழாசிரியராகிய யாம் மின்சாரத்தை நொந்தோம். உடனிருந்த மாணவர் லினக்ஸின் பதிவேட்டைத் திறந்து படித்தார்: "குறுக்கீடு 16: எவரும் பொருட்படுத்தவில்லை."

கருவிகள் கேர்னல் எனும் உட்கருவை அழைக்கும் மணியே குறுக்கீடு. திருகோணமலைத் துறைமுகத்திற் கப்பல் சங்கூதினாற் கரையில் எவரேனும் செவிகொடுப்பர். அவ்வாறே ஒவ்வொரு மணிக்கும் உரிய இயக்கி விடையளித்தல் வேண்டும். ஓரிலட்சம் மணிகளில் 99,900இற்கு மேற்பட்டவை கேட்பாரற்றுப் போயின், உட்கரு அவ்வழியையே அடைத்துவிடும். அண்மையிற் செருகிய பழைய வலையட்டையும் விசைப்பலகையும் ஒரே வழியைப் பகிர்ந்தன. அட்டையின் இயக்கியோ ஒப்பமற்றது. 2019இல் லினக்ஸ் 5.4இற் சேர்ந்த பூட்டுநிலை அதனை ஏற்க மறுத்தது. நிருவாகி ஆணையிட்டும் இணங்கவில்லை.

"சேர், பூட்டை நீக்கிவிடுவோமா?" என்றார் மாணவர். பிறர் முகவரிகளைக் காக்கும் பூட்டன்றோ? மறுத்தோம். கணினியை நிறுத்தி அட்டையைக் கழற்றினோம். மீண்டும் இயக்கியதும் விசைப்பலகை உயிர்பெற்றது.

அன்றிரவு உறக்கமில்லை. முன்னொருகால் வகுப்பில் ஓயாது வினவிய சிறுவனொருவனை அதட்டி அமர்த்தினோம். பின்பு அவன் வாய்திறந்ததேயில்லை. அவன் கேட்க விழைந்தது யாதென இன்றும் அறியோம். அவன் பெயரும் அப்பட்டியலில் உண்டு.